பதில்: ஒரே ஊசி, ஒருத்திக்கு 400, மற்றவளுக்கு 6

வணக்கம் சகோதரி. நர்சிங் படிக்கும் உங்கள் இரட்டை மகள்கள் ஒன்றாகவே ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று தவணையும் போட்டு, ஒரு மாதம் கழித்து ஆன்டிபாடி (ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதம்) அளவு பார்த்ததில் ஒருத்திக்கு 400, மற்றவளுக்கு 6. மருந்து கெட்டதா, பிள்ளை உடம்பில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே பெட்டி மருந்துதான் என்றால், அது கெட்டிருந்தால் அந்த 400 வந்திருக்காது. முகஜாடையே வேறு என்கிறீர்கள். அநேகமாகத் தனித்தனிக் கருமுட்டையில் உருவானவர்கள். மரபணுவில் சாதாரண அக்கா தங்கை அளவுக்குத்தான் ஒற்றுமை இருக்கும்.

இந்த ஊசியில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் 200க்கும் மேற்பட்ட இரட்டைக் குழந்தை ஜோடிகளைப் பார்த்த ஆய்வு 2004இல் வந்தது. ஹெபடைட்டிஸ் பி ஆன்டிபாடி அளவு குழந்தைக்குக் குழந்தை வேறுபட்டதில் 77 சதவீதம் மரபணு வேறுபாட்டால் என்று கணக்கிட்டார்கள். டெட்டனஸுக்கு 44தான். தடுப்பூசிப் புரதத்தின் துண்டை எதிர்ப்புச் செல்களுக்கு எடுத்துக் காட்டுபவை எச்.எல்.ஏ. மூலக்கூறுகள். சில வகைகள் இந்தப் புரதத்துக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை. அதனால் மற்ற கிருமிகளிடம் 6 வந்த மகள் பலவீனமானவள் என்று ஆகாது, பயப்படாதீர்கள்.

ஆன்டிபாடி அளவு 10க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு. டாக்டரிடம் சொல்லி அவளுக்கு மீண்டும் தவணைகளைப் போட்டு, கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதத்தில் திரும்பப் பாருங்கள். பலருக்கு இரண்டாம் சுற்றில் ஏறிவிடும். அப்போதும் ஏறாவிட்டால் ஹெபடைட்டிஸ் பி தொற்று ஏற்கெனவே இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், வார்டில் நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி அவள் கையில் குத்தினால் அன்றே இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை ஆன்டிபாடி மருந்து) போட வேண்டும் என்பதை அவளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.