‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ ஏன் பயமுறுத்தவில்லை?

உயிர்த்தெழுந்த பிணங்களுக்கு அஞ்சிச் சிலர் ஒரு பண்ணை வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் இந்தத் திரைப்படத்தில் பயம் வெளியே இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. “இவ்வளவு மெதுவாக நடக்கும் பிணங்களுக்கு யார் பயப்படுவார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நிலவறைக்குள் ஒளிவதா, மேலேயே இருப்பதா என்று அந்த வீட்டில் சிக்கிய பென்னும் ஹாரி கூப்பரும் மல்லுக்கட்டுவதைக் கவனியுங்கள். சன்னலில் பலகை அடிக்க ஆள் தேவைப்படும் நேரத்தில் யார் சொல்வதை யார் கேட்பது என்ற போட்டி! எனக்குக் குலை நடுங்கியது அங்கேதான்.

நீங்கள் பார்த்தது மோசமான பிரதியாகவும் இருக்கலாம். 1968இல் படம் வெளியானபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால் ஆளாளுக்கு நகலெடுத்து விற்றார்கள். பலவற்றில் இரவுக் காட்சிகள் வெறும் கறுப்புத் திட்டுதான். 2016இல் புதுப்பித்த பிரதியைத் தேடிப் பிடித்து, முதலில் அந்த நிலவறைச் சண்டையை மட்டும் போட்டுப் பாருங்கள்.

ஆனால் வேகமான துரத்தல்தான் வேண்டுமென்றால், எந்தப் பிரதியில் பார்த்தாலும் இது உங்களுக்கு ஒத்துவராது.