பெர்மாகல்ச்சர் தோட்டத்துல வீப்பிங் வில்லோ வைக்கலாமா?

உங்க பெர்மாகல்ச்சர் தோட்டத்துல (இயற்கையைப் பாத்து, ஒண்ணுக்கொண்ணு உதவுற மாதிரி மரம் செடி வைக்கிற முறை) பின்பக்கம் தண்ணி தேங்குற பள்ளம் இருக்கு, அங்க வீப்பிங் வில்லோ, அதாவது கிளையெல்லாம் கீழ தொங்குற வில்லோ மரம், வச்சா அழகைத் தவிர ஏதாவது பிரயோஜனம் இருக்கான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா வைங்க, ஆனா நடுறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்து வீட்டுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் எவ்ளோ தூரம்னு அளந்துடுங்க.

நாங்க கனடாவுல ஒன்டாரியோ பக்கம் ஒரு கிராமத்துல இருக்கோம். முன்னாடி இருந்தவங்க வீட்டுலேர்ந்து பத்தடியில ஒண்ணு வச்சிருந்தாங்க. ஒருநாள் பாத்ரூம்ல கழிவுத்தண்ணி மேல ஏறிடுச்சு, தோண்டிப் பாத்தா குழாய் ஜாயின்ட்டுல நூல் மாதிரி நுழைஞ்ச வேர் உள்ள போயி செவப்பா சடை பின்னிக் கெடக்கு, இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருந்துச்சு. அவ்ளோ பெரிய மரத்தை வெட்டுன அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதனால சொல்றேன், 15 மீட்டராவது தள்ளி வைங்க, செப்டிக் டேங்க், கிணறு இருந்தா இன்னும் தள்ளி.

வெட்டுறதுக்கு முன்னாடி ஒடிச்சு வச்ச குச்சிதான் இப்ப எங்க பள்ளத்துல மரமா நிக்குது. கட்டைவிரல் தடிமன்ல ரெண்டடிக் குச்சி, இலை விடுறதுக்கு முன்னாடி முக்கால்வாசி மண்ணுக்குள்ள போற மாதிரி குத்தி விட்டா போதும். (பச்சைக் குச்சியை பீன்ஸ் கொடிக்கு ஊனுகோலா வச்சிடாதீங்க, அதுவும் துளிர்த்துடும்.) நர்சரியில வாங்குறதா இருந்தா, குளிர் ஊர்ல வெள்ளை வில்லோவோட சேர்ந்த மஞ்சக் கிளை கலப்பு ரகம்தான் தாங்கும். சலிக்ஸ் பாபிலோனிகாங்கிற அசல் ரகம் சீனாவுலேர்ந்து வந்தது, எங்க பனிக்கு அது நிக்காது.

நட்டா மட்டும் பத்தாது, வெட்டணும். நாங்க அடிமரத்தை ஆள் உயரத்துக்கு மேல விட்டு, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா குளிர்காலக் கடைசியில மொத்தக் கிளையையும் கழிச்சிடுறோம். சும்மா விட்டா 12 மீட்டருக்கு மேல போயிடும், கட்டை உறுதியில்லாதது, பெருங்காத்துல கிளை முறிஞ்சு விழும். கழிச்ச கொப்புல கொஞ்சம் செடிக்கு வேலி பின்ன, மிச்சம் கரி சுட்டு மண்ணுல கலக்க. கோடையில புல்லு காஞ்சு போறப்போ கொஞ்சம் தழை ஒடிச்சு ஆட்டுக்குப் போடுவோம், நொடியில காலி பண்ணிடும். நல்ல கூடை பின்னணும்னா இந்தக் கொப்பு சரிப்படாது, அதுக்கு ஊதா வில்லோ தனியா வைக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வில்லோ தண்ணிதான். அந்த வருஷத்து இளங்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி ஒரு ராத்திரி ஒரு பகல் தண்ணியில ஊறப்போடுங்க, வேர் விடத் தூண்டுற ஆக்ஸின்ங்கிற ஹார்மோன் அதுல எறங்கும்னு சொல்வாங்க, நான் ரோஸ்மேரி குச்சியை அதுல வச்சு எடுத்துத்தான் இப்பவும் நடுறேன்.