அந்தூரியம் மஞ்சளாகிறதா? முதலில் வேரைப் பாருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் வாங்கிய அந்தூரியத்தை, சேலம் அழகாபுரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் பீங்கான் தொட்டியில் வைத்திருக்கிறேன். தினமும் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். அடி இலைகள் மஞ்சளாகி விழுகின்றன, மற்றவற்றின் நுனி கருகுகிறது. தண்டில் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்து இருக்கட்டும், முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். இங்கே மூன்று தொல்லைகள் கலந்திருக்கின்றன. அவசரமாகக் கவனிக்க வேண்டியது வேர்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலமோ 300 மீட்டருக்கும் கீழே. மலைக்குளிரில் வளர்ந்த செடி இந்த வெயிலில் சோர்ந்தால், தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றிவிடுகிறோம். மண் ஈரமாக இருக்கும்போதே அடி இலை மஞ்சளானால், பெரும்பாலும் வேருக்குக் காற்று கிடைக்கவில்லை என்றுதான் பொருள். அந்தூரியத்தின் பூர்வீகம் கொலம்பியா, ஈக்வடார் பக்கத்து மழைக்காடுகள். அங்கே மரங்களைப் பற்றிக்கொண்டும் வளரும் செடி அது. சேறு அதற்கு ஆகாது.

உங்கள் பீங்கான் தொட்டியில் ஓட்டை இருக்கிறதா? அழகுத்தொட்டிகள் பலவற்றில் இருக்காது. செடியை வெளியே எடுத்து மண்ணை உதறிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் கெட்டியாக இருப்பது நல்ல வேர். பழுப்பேறி, கொழகொழவென்று நாற்றமடிப்பதை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இதன் பால் அரிக்கும். பிறகு தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, கொஞ்சம் மக்கிய தொழு உரம் கலந்து, வேர் அடங்கும் அளவு சிறிய மண்தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டி வைத்தால் ஈரம் காயாமல் மறுபடியும் அதே கதைதான். இனி விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, மேல்பாகம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

நுனி கருகுவதற்கு வறண்ட காற்றும் காரணம், உப்புத் தண்ணீரும் காரணம். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருந்தால் உப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரை வீணாக்க மனசில்லாமல் செடிக்கு ஊற்றும் வீடுகள் நிறைய உண்டு. அதில் போர் தண்ணீரை விடவும் உப்பு அதிகம், தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் இருந்தால் உத்தமம். இலையில் தண்ணீர் தெளிப்பதால் கிடைக்கும் ஈரப்பதம் கொஞ்ச நேரம்தான், அதை நம்ப வேண்டாம். மேற்கு ஜன்னல் வெயிலிலிருந்து நகர்த்தி, கிழக்கு வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள்.

அந்தப் பஞ்சு, மாவுப்பூச்சி. கொஞ்சம் மருத்துவப் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, பூச்சிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். இலைக்காம்பு இடுக்கை விட்டுவிடாதீர்கள். அப்புறம், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். ஒரு இலையில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் விடாமல் செய்யுங்கள், ஒரே தடவையில் போகாது. எறும்பு வந்தால் அதையும் விரட்டுங்கள், இந்தப் பூச்சியைக் காவல் காப்பதே அதுதான்.

உரம், எப்சம் உப்பு (மெக்னீசியம் சத்துக்காகப் போடுவது) எதுவும் இப்போது வேண்டாம். புது இலை ஒன்று முழுதாக விரிந்த பிறகு, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு கொடுத்தால் போதும்.