ராஜினாமா லெட்டர் ஃபார்மாலிட்டி இல்ல

கேள்வி: ஓஎம்ஆர்ல ஒரு ஸ்டார்ட்அப்ல 4 வருஷம் 3 மாசமா இருக்கேன். பெரிய கம்பெனி ஒண்ணு வாங்கினதுக்கப்புறம் எல்லாமே மாறிடுச்சு, டைம்ஷீட், எதுக்கெடுத்தாலும் அப்ரூவல், ஃபவுண்டர்கிட்ட நேரா பேசிட்டிருந்த நாங்க இப்ப ஒரு மானிட்டர் வேணும்னாலும் டிக்கெட் போடணும். இப்ப ஃபார்மாலிட்டின்னு சொல்லி பழைய கம்பெனிக்கு ராஜினாமா, புது கம்பெனி ஆஃபர் லெட்டர், ரெண்டுலயும் வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து கேக்கறாங்க. மன உளைச்சலுக்கு கேஸ் போடலாமா?

பதில்: வேணாம், நிக்காது. டைம்ஷீட்டும் அப்ரூவலும் கஷ்டமாதான் இருக்கும், ஆனா அது நிர்வாகத்தோட இஷ்டம்னு கோர்ட் விட்டுடும். நீங்க கடைசியில சொன்ன அந்த ராஜினாமாதான் விஷயமே.

ஷேரை மட்டும் வாங்கியிருந்தா உங்க கம்பெனி அதே கம்பெனிதான், ராஜினாமாவுக்கே அவசியம் இல்ல. பிசினஸையே வாங்கியிருந்தா உங்க சம்மதம் இல்லாம உங்களை அவங்க கம்பெனிக்கு மாத்த முடியாது, பிலிப்ஸோட கல்கத்தா யூனிட்டை வித்த கேஸ்ல 2011ல சுப்ரீம் கோர்ட் இதை சொல்லியிருக்கு. அதனாலதான் நீங்களே எழுதிக்குடுத்த மாதிரி ஒரு பேப்பர் கேக்கறாங்க.

என்கிட்ட வர்றவங்க மாட்டிக்கிறது இங்கதான். கையெழுத்து போட்டுட்டு ஒரு வருஷம் கழிச்சு வேலை போனப்புறம் வருவாங்க, கிராஜுவிட்டி, அதாவது 5 வருஷம் முடிச்சவங்க வேலையை விடும்போது கம்பெனி குடுக்கவேண்டிய பணம், அதைக் கேட்டா உங்க சர்வீஸ் போன வருஷம்தான் ஆரம்பிச்சுதுன்னு பதில் வரும். பேசிக் 60,000னு வெச்சுக்கோங்க, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாசத்துக்கு 26 நாள்ங்கற கணக்குல 5 வருஷத்துக்கு சுமார் 1.73 லட்சம், இன்னும் 9 மாசத்துல கைக்கு வரவேண்டிய தகுதி ஒரு கையெழுத்துல போயிடும். ஈசாப், அதாவது கம்பெனி ஷேரை வாங்கிக்க உங்களுக்கு குடுத்த உரிமை, அதைவிட மோசம், வெஸ்ட் ஆகாதது, அதாவது இன்னும் முழுசா உங்க கைக்கு வராதது, பெரும்பாலும் ராஜினாமா அன்னிக்கே காலாவதி, வெஸ்ட் ஆனதுக்கும் கெடு இருக்கும், ஈசாப் குடுத்தப்ப வந்த கிராண்ட் லெட்டரை இன்னிக்கே எடுத்துப் படிங்க. செட்டில்மென்ட் ஃபார்ம்ல ‘இனி எந்த பாக்கியும் இல்லை’ன்னு ஒரு வரி இருக்கும், அதையும் போட்டுட்டு வந்தா நான் கட்டாயப்படுத்தினாங்கன்னு வாதாடணும், அதுக்கு சாட்சி வேணும், கூட வேலை செய்யறவங்க யாரும் வரமாட்டாங்க.

சண்டைக்குப் போகாதீங்க. பழைய சர்வீஸ் தொடரும், கிராஜுவிட்டிக்கும் லீவுக்கும் பழைய ஜாயினிங் தேதிதான் கணக்கு, ஈசாப்புக்கு இவ்வளவுன்னு எழுத்துல குடுங்கன்னு ஹெச்ஆருக்கு மெயில் போடுங்க. குடுத்தா ராஜினாமாவுக்கு பதிலா டிரான்ஸ்ஃபர் லெட்டரா மாத்தி வாங்கி கையெழுத்து போட்டுடுங்க, ஈசாப்ல கொஞ்சம் குறைஞ்சாலும் பரவால்ல, லேபர் கோர்ட்ல வருஷக்கணக்கா அலையறதுக்கு அது மேல். பிஎஃப்பை எடுக்காதீங்க, டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க. மெயில், கிராண்ட் லெட்டர், சம்பள ஸ்லிப் எல்லாத்தோட காப்பியும் வீட்ல இருக்கட்டும், ஆஃபீஸ் லாகின் எப்ப வேணா கட் ஆகும்.