வாக்குச்சீட்டு உங்கள் வீட்டுக்கு வந்ததா? வேலைநிறுத்த வாக்கெடுப்பு: கேள்வி-பதில்

பிரிட்டனில் வேலை செய்யும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் யூனியன் வாக்கெடுப்பைப் பற்றியவை.

எங்கள் பஸ் டிப்போவில் 90% பேர் 'ஆம்' என்றார்கள். ஆனாலும் ஸ்ட்ரைக் இல்லை என்கிறார் ரெப் (யூனியன் பிரதிநிதி). ஏமாற்றுகிறாரா?

எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதை நீங்கள் எழுதவே இல்லை. அதை விட்டுவிட்டு ரெப்பின் மேல் பழி போடலாமா? 2016 தொழிற்சங்கச் சட்டப்படி, வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேராவது வாக்களித்திருக்க வேண்டும். 1,000 பேரில் 499 பேர் வாக்களித்து, அத்தனை பேரும் 'ஆம்' என்றாலும் செல்லாது. 500 பேர் வாக்களித்து 251 'ஆம்' விழுந்தால் செல்லும். ஆக, ஸ்ட்ரைக்கை விரும்பாதவர் 'இல்லை' என்று வாக்களிப்பதைவிட வீட்டில் சும்மா இருந்தாலே அவர் நினைத்தது நடந்துவிடுகிறது. 2023 ஜூனில் தாதியர் சங்கமான ஆர்சிஎன்னுக்கு இதுதான் நேர்ந்தது. 'ஆம்' 84%, வாக்களித்தவர்கள் 43%, எல்லாம் வீண். இந்த 50% வரம்பை நீக்க 2025 சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனால் அதற்குத் தனியாகத் தேதி குறிக்க வேண்டும். அதுவரை வரம்பு இருக்கிறது என்றே கணக்குப் போடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் 300 பேர் கை தூக்கிவிட்டோம். இது போதாதா?

போதாது. உறுப்பினர்களின் மனநிலையை அறிய அது உதவும், அவ்வளவுதான். அதை நம்பி வேலையை நிறுத்தினால் சட்டப் பாதுகாப்பு போய்விடும். பெரிய யூனியன் என்றால் அது தர வேண்டிய நஷ்டஈடு 10 லட்சம் பவுண்டு வரை போகலாம்.

யூனியன் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வந்து, தபாலிலேயே திரும்பிப் போக வேண்டும் என்ற விதியைப் பற்றி எனக்குப் பல வருட ஆதங்கம் உண்டு. 2022-இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்கள் தங்கள் தலைவரை, அதாவது நாட்டின் பிரதமரை, ஆன்லைனில் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். பஸ் ஓட்டுநருக்கு மட்டும் உறை, பேனா, தபால்பெட்டி. மின்னணு வாக்கெடுப்பைச் சோதித்துப் பார்க்கலாம் என்று சர் கென் நைட் 2017-இலேயே அறிக்கை கொடுத்தார். அதை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டார்கள்.

2019-இல் தபால் நிறுவனமான ராயல் மெயிலில் நடந்ததைப் பாருங்கள். சுமார் 1,10,000 பேருக்கு வாக்குச்சீட்டு போனது. முக்கால்வாசிப் பேர் வாக்களித்தார்கள், அதில் 97% 'ஆம்'. ஆனாலும் நீதிமன்றம் தடையாணை போட்டது. உறை வீட்டுக்குப் போகும் முன்பே வேலையிடத்தில் எடுத்து அங்கேயே வாக்களிக்கும்படி யூனியன் ஊக்குவித்தது, இது குறுக்கீடு என்பது தீர்ப்பு. மேல்முறையீடும் தோற்றது. ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பவர், தன் உறையைத் தன் வாசலில் வாங்கித்தான் பிரிக்க வேண்டுமாம்!

நான் யூனியன் கிளை வேலை பார்த்த காலத்தில், லண்டன் இல்ஃபோர்டில் ஆறு பேர் சேர்ந்து இருந்த ஒரு வாடகை வீட்டுக்குப் போனேன். வாசல் தட்டில் பீட்ஸா நோட்டீஸ்களுக்கு அடியில் நான்கு வாக்கு உறைகள் கிடந்தன, ஒன்றின் மேல் தேநீர்க் கோப்பையின் வட்டக் கறையோடு. நான்கில் மூன்று பேர் முன்பே வேறு வீடு மாறிவிட்டவர்கள். வாக்கெடுப்பு முடிய இரண்டு நாள்தான் இருந்தது. அன்றிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: வீடு மாறினால் வங்கிக்குச் சொல்லும் அன்றே யூனியனுக்கும் முகவரியைச் சொல்லுங்கள்.

நான் ஏஜென்சி மூலம் வேலை செய்கிறேன். வாக்களிக்கலாமா?

உங்கள் முதலாளி ஏஜென்சி என்றால், டிப்போ நிர்வாகத்துக்கு எதிரான வாக்கெடுப்பில் உங்களுக்கு வாக்கு இல்லை.

விருப்ப ஓய்வில் அடுத்த வாரம் விலகுகிறேன். எனக்கும் சீட்டு வந்திருக்கிறது. போட்டுவிடவா?

தயவுசெய்து வேண்டாம். உடனே யூனியனுக்குச் சொல்லுங்கள். 2009 டிசம்பரில் வாக்களித்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானப் பணியாளர்களில் 92% 'ஆம்' என்றார்கள். விலகப் போகிற நூற்றுக்கணக்கானவர்களுக்கும் சீட்டு போனதைக் காட்டி 12 நாள் கிறிஸ்துமஸ் ஸ்ட்ரைக்கை நீதிமன்றம் தடுத்துவிட்டது.

நான் எப்படி வாக்களித்தேன் என்று மேனேஜர் கேட்கிறார்.

சொல்லாதீர்கள். வாக்கு ரகசியமானது.

நாங்கள் ஸ்ட்ரைக் செய்யவில்லை, ஓவர்டைம் மட்டும் மறுக்கிறோம். அதற்கும் வாக்கெடுப்பா?

யூனியன் அழைப்பு விடுத்தால் ஆம். சீட்டில் ஸ்ட்ரைக்குக்கு ஒரு கேள்வி, அதற்குக் குறைந்த நடவடிக்கைக்கு வேறொரு கேள்வி இருக்கும். ஓவர்டைம் மறுப்பு இரண்டாவதில் வரும். ஒன்றுக்கு விழுந்த 'ஆம்' மற்றதற்குச் செல்லாது. ஆகவே இரண்டையும் படித்துவிட்டுக் குறியிடுங்கள்.

போன வருடம் ஜெயித்த வாக்கெடுப்பை வைத்து இப்போது ஸ்ட்ரைக் போகலாமா? (மருத்துவமனை ஊழியர்)

வாக்கெடுப்பு எந்தத் தேதியில் தொடங்கியது? அதை எழுதாமல் நான் எப்படிச் சொல்வது? 2026 பிப்ரவரி 18-க்கு முன் தொடங்கியது என்றால் ஆயுள், அதாவது முடிவு செல்லுபடியாகும் காலம், பொதுவாக 6 மாதம், அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கியது என்றால் 12 மாதம். முதலாளிக்குத் தர வேண்டிய முன்னறிவிப்பும் 14 நாளிலிருந்து 10 நாளாகிவிட்டது. நாள் கணக்கில் அசட்டை கூடாது. 2023-இல் தாதியர் ஸ்ட்ரைக் மே 2 வரை திட்டமிடப்பட்டது. மே 1 நள்ளிரவோடு ஆயுள் முடிந்தது என்று நீதிமன்றம் சொன்னதும் கடைசி நாளைக் கைவிட வேண்டியதாயிற்று. உங்கள் வாக்கெடுப்பின் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் கிளைச் செயலாளரிடம் எழுத்தில் வாங்கி அனுப்புங்கள், அடுத்த முறை பதில் தருகிறேன். அப்படியே உங்கள் முகவரி அவரிடம் சரியாக இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.