சிவப்புப் பட்டியலில் சோறும் பருப்பும்

கேள்வி: எனக்கு 43 வயது. தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு வருடமாக வயிற்று உப்புசம், இரைச்சல், ஓயாத அசதி. தெரிந்தவர் சொன்னாரென்று ரத்தத்தில் ‘ஃபுட் சென்சிட்டிவிட்டி’ டெஸ்ட் எடுத்தேன். 200-க்கும் மேற்பட்ட உணவுகளுக்கு எண் போட்டு ரிப்போர்ட் வந்தது. பால், கோதுமை, முட்டை வெள்ளைக்கரு, துவரம்பருப்பு, அரிசி, தேங்காய் எல்லாமே சிவப்பு. பத்து வாரமாக இவற்றில் எதையும் தொடவில்லை. உப்புசம் குறைந்திருக்கிறது. ஆனால் ஆறு கிலோ இறங்கிவிட்டேன், முடி கொத்துக் கொத்தாக வருகிறது, ஹீமோகுளோபின் 9.4. முன்பெல்லாம் காலையில் காபி குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு பானை மாதிரி ஆகிவிடும். தயிர் சாதம் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. வாழ்நாள் முழுக்க இப்படித்தான் இருக்க வேண்டுமா மேடம்?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வேண்டாம்மா. இன்றைக்கு ராத்திரியே சோறு சாப்பிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டின் நகலை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சிவப்பில் இருப்பவை அரிசி, துவரை, தேங்காய், பால். பச்சையில் இருப்பவை சால்மன் மீன், ப்ளூபெர்ரி, அஸ்பாரகஸ், கீன்வா. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பட்டியல் உங்கள் வீட்டு அடுப்படி. இரண்டாவதில் இருக்கிற எதையும் நீங்கள் ஆயுளில் நாலு தடவை சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். இந்த டெஸ்ட் என்ன அளக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

அது அளப்பது ஐஜிஜி என்கிற எதிர்ப்பொருளை. நாம் சாப்பிடும் உணவின் புரதத்தில் துளியூண்டு குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போகும். உடம்பு அதைப் பார்த்து, ‘இது நமக்குப் பழக்கமானது’ என்று குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்புதான் ஐஜிஜி. அதிகம் சாப்பிடுகிற பொருளுக்கு அது அதிகமாக இருப்பது இயல்பு. இன்னொன்றும் சொல்கிறேன். நிஜமான பால் அலர்ஜி, வேர்க்கடலை அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர் கண்காணிப்பில் அந்தப் பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. அதில் உடம்பு அந்த உணவை ஏற்கத் தொடங்கும்போது ஐஜிஜி4 என்கிற ஐஜிஜி வகை ஏறும். அப்படியென்றால் எண் ஏறுவதை ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எப்படிப் படிப்பது? ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2008-லேயே இந்தப் பரிசோதனையை வைத்து உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கனடா நாட்டுச் சங்கம் 2012-ல் அதையே சொன்னது.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பல வருடத்துக்கு முன், இதே மாதிரி ஒரு ரிப்போர்ட்டோடு ஒரு அம்மா என்னிடம் வந்தார். நானும் மறுபேச்சில்லாமல் சிவப்பில் இருந்ததையெல்லாம் நீக்கி டயட் சார்ட் எழுதிக் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து அவர் வந்தபோது ரவிக்கை தோளில் நிற்கவில்லை. பருப்பு, முட்டை, பால் மூன்றையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான் எதையும் வைக்கவில்லை. அந்தத் தோள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சரி, அப்படியானால் உங்களுக்கு உப்புசம் ஏன் குறைந்தது? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. காபி குடித்தால் ஒரு மணி நேரத்தில் வயிறு பானை. தயிர் சாதம் ஒன்றும் செய்யாது. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்கிற சர்க்கரை உங்களுக்குச் செரிக்கவில்லை என்று சந்தேகப்படுகிறேன். அதைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும்; வளர்ந்த பிறகு நம்மில் நிறையப் பேருக்கு அது குறைந்துபோகும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் புளித்து வாயுவாகிறது. தயிராகும்போது லாக்டோஸில் ஒரு பங்கைக் கிருமிகளே தின்றுவிடுகின்றன, அதனால் தயிர் தொந்தரவு செய்வதில்லை. இது அலர்ஜியே இல்லை. ஆறு பொருளை நிறுத்தியதில் பாலும் நின்றது, வயிறு அமர்ந்தது. மற்ற ஐந்தும் சும்மா தண்டனை அனுபவிக்கின்றன.

அரிசி, தேங்காய், முட்டையை இந்த வாரமே திரும்பக் கொண்டு வாருங்கள். (இவற்றில் ஏதாவது சாப்பிட்டு முன்பு உதடு வீங்கியதோ, உடம்பு தடித்ததோ உண்டென்றால் அதை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.) பருப்பை மட்டும் மெதுவாக. பத்து வாரம் விட்டதால் முதல் நாளிலேயே ஒரு கிண்ணம் சாம்பார் ஊற்றினால் யாருக்குமே வயிறு இரையும். பருப்பை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்து, இரண்டு கரண்டியில் ஆரம்பியுங்கள்.

கோதுமை விஷயத்தில் கொஞ்சம் கவனம். ரத்தசோகையும் அசதியும் இருப்பதால் சீலியாக் நோய் (கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) இல்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லது. நம் பக்கம் வட இந்தியாவை விடக் குறைவுதான், ஆனாலும் இல்லாமல் இல்லை. டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனையை, மொத்த ஐஜிஏ அளவோடு சேர்த்து மருத்துவர் எழுதித் தருவார். கோதுமையை நிறுத்திவிட்டு இதை எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். அதனால் ஆறு வாரம் தினமும் இரண்டு வேளையாவது சப்பாத்தி, கோதுமை தோசை என்று சாப்பிட்ட பிறகு எடுங்கள். பொது மருத்துவரைப் பார்க்க மட்டும் ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். 9.4-க்குக் காரணம் தெரிய வேண்டும், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சத்துக் கையிருப்பு), தைராய்டு இரண்டும் பார்க்க வேண்டும். மலத்தில் ரத்தம், காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தால் உடனே போய்விடுங்கள். முடியைப் பற்றிக் கலங்காதீர்கள். எடை சட்டென்று இறங்கினால் இரண்டு மூன்று மாதத்தில் இப்படிக் கொட்டும், சாப்பாடும் ரத்தமும் சரியானால் வளர்ந்துவிடும்.

பாலைக் கடைசியில் சோதிப்போம். மற்றவை பழகி வயிறு ஒரு நிலைக்கு வந்தபின், ஒருநாள் கால் டம்ளர் பால், இரண்டு நாள் விட்டு அரை டம்ளர், அப்புறம் ஒரு டம்ளர். ஒரு டம்ளரில் சுமார் 10 கிராம் லாக்டோஸ் இருக்கும். ஒரு பள்ளி நோட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, என்ன ஆயிற்று, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். நேரம் முக்கியம். அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் உப்பினால் பாலைச் சந்தேகிக்கலாம். மறுநாள் காலை உப்பினால் பாலின் மேல் பழி போடாதீர்கள். எந்த அளவில் தொந்தரவு வருகிறதோ அதற்குக் கீழே நின்றுகொள்ளுங்கள். காபியில் இரண்டு கரண்டி பால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றே நினைக்கிறேன். சுண்ணாம்புச் சத்துக்குத் தயிர், மோர், கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, எள்ளுப்பொடி போதும். 100 கிராம் கேழ்வரகிலேயே 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

கேள்வி: முந்திரி போட்ட கேசரி சாப்பிட்ட பத்தே நிமிடத்தில் என் ஐந்து வயது மகனுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்தான். அவனுக்கும் அந்த 200 உணவு டெஸ்ட் எடுக்கலாமா?
- வாசகர், தேனி

பதில்: எடுக்காதீர்கள். இது வேறு விஷயம், நிஜமான அலர்ஜி மாதிரி இருக்கிறது. இதற்குப் பார்க்க வேண்டியது ஐஜிஇ என்கிற வேறொரு எதிர்ப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனை அல்லது தோலில் குத்திப் பார்க்கும் சோதனை, அதுவும் சந்தேகப்படும் பொருளுக்கு மட்டும். குழந்தைகள் அலர்ஜி மருத்துவரிடம் சீக்கிரம் காட்டுங்கள். வீட்டில் ‘கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்’ என்பது கூடவே கூடாது. அதுவரை முந்திரி வேண்டாம், அதன் உறவான பிஸ்தாவும் வேண்டாம். மறுபடி இப்படி வந்து மூச்சுத் திணறினாலோ, குரல் மாறினாலோ, பிள்ளை துவண்டாலோ உடனே 108. அப்போது தேவைப்படுவது அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரையோ சிரப்போ கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. வகுப்பு டீச்சரிடமும் பாட்டியிடமும் சொல்லி வையுங்கள். ஓட்டல் வெள்ளைக் குருமாவில் முந்திரியை அரைத்து ஊற்றியிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. பொங்கலில் முந்திரியைப் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கொடுத்தாலும் அது வறுபட்ட நெய் சோற்றில்தான் இருக்கும். கோயில் பிரசாதமும் அப்படித்தான்.