கோல்ஃப்: டிரைவருக்கு ஒன் பிளேன் ஸ்விங் ஒத்துவருமா?

கேள்வி: வயது 51. புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீடு. மொட்டை மாடியில் வலை கட்டி கோல்ஃப் பந்தை அடித்துப் பழகுகிறேன், மாதம் இரண்டு முறை சென்னை போய் ஆடுகிறேன். அயர்ன் என்ற இரும்புக் கிளப்பில் பரவாயில்லை. தூரம் அடிக்கும் நீளக் கிளப்பான டிரைவரை எடுத்தால் பந்து வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போய்விடுகிறது. கூட ஆடுபவர், “ஒன் பிளேனுக்கு மாறுங்க சார், சரியாயிடும்” என்கிறார். மாறலாமா? டிரைவருக்கு மட்டும் மாறினால் போதுமா?

பதில்: மாறலாம். ஆனால் மாறின உடனே ஸ்லைஸ் (இப்படி வலப்பக்கம் வளைவது) போய்விடும் என்று நம்பி மாறாதீர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நீங்கள் வலது கை ஆட்டக்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன். கிளப்பைப் பின்னால் தூக்கும் பேக்ஸ்விங்கின் உச்சியில், தோள்கள் சாய்ந்திருக்கும் அதே கோட்டில் இடது கையும் கிடந்தால் அது ஒன் பிளேன். கை தோளை விட்டு மேலே ஏறி நின்றால் டூ பிளேன். இப்படிப் பிரித்துச் சொல்லிப் பரப்பியவர் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜிம் ஹார்டி. கோல்ஃப் வீரர்கள் மோ நார்மன், பிரைசன் டிஷாம்போ ஆகியோரின் சிங்கிள் பிளேன் வேறு. அதில் நிற்கும்போது ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) இருந்த கோணத்திலேயே பந்தையும் அடிக்கப் பார்ப்பார்கள். யூடியூபில் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

ஸ்லைஸ் அடிக்கிறவர்களில் பெரும்பாலோர் கீழே வரும்போது தோளைத்தான் முதலில் திருப்புவார்கள். டூ பிளேனில் அது பெரிய தப்பு. மேலே நிற்கும் கை இறங்கி வர நேரம் கொடுக்காமல் தோள் திரும்பினால், கிளப் வெளியே தள்ளப்பட்டு, பந்தைக் குறுக்கே வெளியிலிருந்து உள்ளே வெட்டும். ஒன் பிளேனில் கை ஏற்கெனவே தோள் கோட்டில்தான் இருக்கிறது. தட்டாமாலை சுற்றும்போது கை உடம்போடு சேர்ந்தே வருவதுபோல, தோளைத் தாராளமாகத் திருப்பலாம். உங்களிடம் இருக்கிற பழக்கமே இங்கே உதவிக்கு வருகிறது. என்னைக் கேட்டால் இதன் முதல் நன்மை இதுதான். தூரம் கூடும் என்பதெல்லாம் அப்புறம்.

டிரைவருக்கு இது இன்னும் பொருந்தும். 7 அயர்ன் சுமார் 37 அங்குலம், டிரைவர் 45 அங்குலத்தைத் தாண்டும். அவ்வளவு நீளக் கிளப்போடு பந்திலிருந்து தள்ளி நிற்பதால் ஸ்விங் தானாகவே தட்டையாகிறது. அதில் கையைச் செங்குத்தாகத் தூக்கி, மறுபடி இறக்கி, சரியான நொடியில் பந்துக்குக் கொண்டுவருவதற்கு நிறைய பயிற்சி நேரம் வேண்டும். மாதம் இரண்டு முறை ஆடுபவருக்கு அது கிடைக்காது.

இனி இதனால் ஆகாத காரியம். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளப் ஃபேஸ், அதாவது பந்தில் படும் கிளப்பின் முகம். கிளப் வரும் பாதைக்கும் ஃபேஸ் பார்க்கும் திசைக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. ஒன் பிளேன் பாதையைத் திருத்தும், ஃபேஸை மூடாது. ஃபேஸ் திறந்தே, அதாவது வலப்பக்கம் பார்த்தே இருந்தால் பந்து வலப்பக்கமே கிளம்பி, இன்னும் வலப்பக்கம் போகும். ஆகவே முதலில் கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு, மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் வேலை அங்கேதான்.

வலையில் அடித்தால் பந்து வளைவது தெரியாதே என்பீர்கள். ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு பொட்டு வைத்து அடியுங்கள், மை ஃபேஸில் ஒட்டும். அது ஷாஃப்டை ஒட்டிய பக்கமே விழுந்துகொண்டிருந்தால், ஸ்விங் நன்றாக இருந்தாலும் பந்து வலப்பக்கம்தான் சுழலும். அரை அடி தள்ளி நின்று பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். அது ரொம்ப அதிகம், விரலளவு நகர்ந்து பாருங்கள். ஸ்விங்கைப் பார்க்க, பந்து போக வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கம், கை இருக்கும் உயரத்தில், கைக்கு நேர்கோட்டில் ஃபோனை வையுங்கள். சற்றுத் தள்ளி வைத்தாலும் ஒன் பிளேன் டூ பிளேனாகத் தெரியும்.

இப்போது உடம்பு. இதில் இடுப்பிலிருந்து நன்றாகக் குனிந்து, அந்தக் குனிவு குலையாமல் திரும்ப வேண்டும். கீழ் முதுகு வலிப்பவர்களுக்கும், இடுப்பு இறுகியவர்களுக்கும் நான் இதைச் சொல்லமாட்டேன். அவர்களுக்கு டூ பிளேன் ஒன்றும் மட்டமில்லை. மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில் 18 வென்ற ஜாக் நிக்லாஸ் கையை உயரத் தூக்கி ஆடியவர்தான். உடம்பு இடம் கொடுத்தால் வயது தடையில்லை. ஹார்டியிடம் கற்ற பீட்டர் ஜேக்கப்சன் 2003இல் ஹார்ட்ஃபோர்ட் போட்டியை வென்றபோது அவருக்கு 49.

டிரைவரை எடுத்தாலே நிமிர்ந்து நிற்கத் தோன்றும். நிமிர்ந்தால் தோள் தட்டையாகத் திரும்பும், கை மேலே போய்விடும், பழையபடி டூ பிளேன். பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைத்து, பாதி பந்து கிளப்புக்கு மேலே தெரியும்படி டீயை (பந்தை வைக்கும் சிறு குச்சியை) உயர்த்துங்கள். நெஞ்சு பந்தைப் பார்த்தபடியே சாய்ந்திருக்கட்டும். அடித்த பிறகு கிளப் வானத்துக்கு ஏறாமல் இடப்பக்கம் சுற்றிப் போக வேண்டும். உடம்பு நின்றுவிட்டு கை மட்டும் வந்தால் ஸ்லைஸுக்குப் பதில் ஹூக் வரும், அதாவது பந்து இடப்பக்கம் வளையும். புதிதாக மாறுகிறவர்களுக்கு இது சகஜம்.

டிரைவருக்கு மட்டும் மாற்றுவது வேண்டாம். ஒரே ஆட்டத்தில் இரண்டு ஸ்விங் வைத்திருந்தால் இரண்டும் கெடும். 7 அயர்னில் அரை ஸ்விங்காகத் தொடங்குங்கள், மார்க்கர் பொட்டு நடுவில் விழ ஆரம்பித்த பிறகு டிரைவருக்கு வாருங்கள். அதுவரை சென்னையில் டீயிலிருந்து அடிக்க, டிரைவரைவிடச் சற்றுக் குட்டையான 3 வுட் கிளப் போதும்.